முதல் பக்கத்தில் பானை

தோட்டத்துக்கு வலைத்தளம் போட்டார் சுயம்புலிங்கம். ஒருவரும் வரவில்லை.

கோளாறு அதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கினார். ஒரு செருப்பைக் கழற்றினார், ஒன்றை மறந்தார். டீச்சர் முன்னால் நின்றார்.

"டீச்சர், செடி வேணும்னு ஒருத்தனும் கேக்கல."

"வேற என்ன கேட்டாங்க?" என்றாள் ஜெபக்கனி டீச்சர்.

சுயம்புலிங்கம் காலில் மிச்சமிருந்த செருப்பைப் பார்த்தார்.

கேட்டிருந்தார்கள். அதைச் சொல்ல அவருக்கு வெட்கம்.

*

முன்கதை கொஞ்சம் உண்டு. சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

தேரிவிளை கடலோர ஊர். அங்கே சுயம்புலிங்கத்துக்கு ஒரு பூந்தோட்டம். மீசை முளைத்த நாளிலிருந்து மீசை நரைத்த நாள்வரை அதில்தான் கிடந்தார். செம்பருத்தி, பவளமல்லி, செண்பகம், மனோரஞ்சிதம். பெயர் தெரியாதவையும் உண்டு. பூவைக் கோயிலுக்குக் கொடுப்பார். செடியைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்.

கிணறு உப்பாகிவிட்டது.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணத்தை ஊற்றிச் செடி வளர்க்க முடியாது.

இலைகள் விளிம்பில் கருகத் தொடங்கின. சித்திரை வெயில் வருமுன் செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்து, நல்ல தண்ணீர் இருக்கிற ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் விறகு.

உள்ளூரில் கொடுத்துப் பயனில்லை. ஊரெல்லாம் அதே தண்ணீர். மேற்கே ஆற்றுப்பாசனம் உண்டு. மேற்கே யாரைத் தெரியும்? யாரையும் தெரியாது.

தெரியாதவர்களைக் கூப்பிட வழி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் சைக்கிள் கடை மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து சேர்ந்தார்.

ஜெபக்கனி டீச்சர் அவருக்கு மகள் வயது. கற்றுக்கொடுப்பதில் அவளுக்கு ஒரே விதி. படிக்கிறவர் பிடித்திருக்கும் மவுசை அவள் தொடமாட்டாள். தீப்பிடித்தாலும் தொடமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வதும் கிடையாது.

ஆனாலும் அவளிடம்தான் கூட்டம்.

சுயம்புலிங்கம் மவுசைக் களைக்கொட்டு மாதிரிப் பிடித்தார்.

"அமுக்காதீங்க அண்ணாச்சி. அது மண்ணு இல்ல."

"நழுவுது டீச்சர்."

"நழுவட்டும். எங்க போயிரும்?"

படம் ஏற்றக் கற்றார். எழுதக் கற்றார். ஒற்றை விரல். 'ச' எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் சொல்ல வந்தது மறந்துவிடும்.

ஒரு நாள் கேட்டார்.

"டீச்சர், இதுக்கு வேலி எங்க?"

"வேலி இல்ல."

"அப்ப யாரெல்லாம் உள்ள வரலாம்?"

"யாரு வேணும்னாலும்."

"தெரியாதவங்களுமா?"

"தெரியாதவங்களுக்குத்தான போடுதீங்க?"

சுயம்புலிங்கம் திரையைப் பார்த்தார். திரையில் அவர் செம்பருத்தி சிரித்துக்கொண்டிருந்தது. வேலி இல்லாமல்.



டீச்சர் 'வெளியிடு' என்கிற பட்டனைக் காட்டினாள். "எல்லாம் சரின்னு தோணுனா அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே போனாள்.

அவள் திரும்பி வருமுன் அவர் ஒரு படத்தைக் கூடுதலாகச் சேர்த்தார். பட்டனை அழுத்தினார். வீட்டுக்குப் போய்விட்டார்.

வினை அந்தப் படத்தில் இருந்தது.

*

தேரிவிளையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு பானை நிற்கும். கம்பின் தலையில் கவிழ்த்த பழைய சமையல் பானை. சுண்ணாம்பு பூசி, முட்டைக் கண் வரைந்து, முறுக்கு மீசை வைத்து, நாக்கைத் தொங்கவிட்டிருப்பார்கள்.

வருகிறவன் கண் முதலில் அதில் விழ வேண்டும். திருஷ்டி அதோடு போய்விடும். செடி தப்பும்.

ஊர்க்காரர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பழகிவிட்டது. தாண்டி உள்ளே போவார்கள்.

சுயம்புலிங்கம் தன் பானையைப் படம் எடுத்து, தளத்தின் முதல் பக்கத்தில் வைத்திருந்தார். ஓரத்தில் அல்ல. திரை முழுக்க.

தோட்டம் அதற்குக் கீழே இருந்தது. தள்ளிப் பார்த்தால் வரும்.

*

"வேற என்ன கேட்டாங்க?" டீச்சர் மறுபடி கேட்டாள்.

சுயம்புலிங்கம் மறந்த செருப்பைக் கழற்றினார். பிறகு சொன்னார்.

"ஒருத்தன் மதுரையிலேர்ந்து பேசுனான். புது வீடு கட்டுதானாம். பூத பொம்மை என்ன விலைன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"செடி இருக்குன்னேன். செடி வேண்டாம், பூதம்தான் வேணும்னான். இன்னொரு பொம்பள, 'அண்ணே, உங்க லிங்க்கைத் தொட்டதும் ஒரு மூஞ்சி வந்துச்சு, போன்ல வைரஸ் ஏறிட்டுன்னு பிள்ள அழுது'ன்னு சண்டைக்கு வந்துட்டா. நான் என்னத்தக் கண்டேன்? இலவசமாத்தான செடி குடுக்கேன்னு எழுதியிருக்கேன்? ஏன் டீச்சர் யாருக்கும் கண்ணு தெரியல?"



டீச்சர் மேசைக்குப் போனாள். மவுசைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையை இரண்டு கையாலும் பிடித்து, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"பாருங்க" என்றாள்.

சுயம்புலிங்கம் பார்த்தார். முதுகு தெரிந்தது. ஒயர் தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலையே டீச்சர்."

"ஆமா."

"ஆமான்னா?"

டீச்சர் அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கினார். சைக்கிள் கடைக்காரன் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணாச்சி, பாஸா பெயிலா?"

"தெரியலடே. டிவிய எடுத்துச் சுவத்தப் பாக்கத் திருப்பி வச்சா."

கடைக்காரன் டியூபைத் தண்ணீரில் முக்கியபடி யோசித்தான்.

"அப்ப எதையோ திருப்பணும்போல."

சுயம்புலிங்கத்துக்குச் சட்டென்று விளங்கிற்று. விளங்கிற்று என்று அவர் நினைத்தார்.

*

வீட்டுக்குப் போனார். பானையைக் கம்போடு திருப்பினார். பின்பக்கத்தைப் படம் எடுத்தார். போனிலிருந்தே முதல் பக்கத்தில் அதைப் போட்டார்.

பின்பக்கம் என்ன இருக்கும்? கரி. சுண்ணாம்பு முன்பக்கம் மட்டும்தான்; பல வருஷம் அடுப்பில் இருந்த பானை.

போன் வந்தது.

"ஐயா, சட்டி பார்த்தோம். நல்லாப் பழகுன சட்டி மாதிரி தெரியுது. மீன் குழம்புக்குத் தேடிக்கிட்டு இருந்தோம். கொரியர்ல அனுப்புவீங்களா?"

சுயம்புலிங்கம் போனை வைத்தார்.

அன்றைக்குச் செண்பகம் தன் இலைகளை மொத்தமாகக் கொட்டியது. அடியில் உட்கார்ந்து பொறுக்கினார். பொறுக்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. மறுபடி அங்கேயே போட்டார்.

*

"திருப்பிட்டேன் டீச்சர். நீங்க சொன்னபடிதான்."

"நான் என்ன சொன்னேன்?"

"சொல்லல. காட்டுனீங்க."

டீச்சர் தளத்தைப் பார்த்தாள். கரிச்சட்டியைப் பார்த்தாள். அவள் உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, பானை எதுக்கு?"

"கண்ணு படக் கூடாதுன்னு."

"வெப்சைட்டு எதுக்கு?"

"நாலு பேரு பாக்கணும்னு."

டீச்சர் காத்திருந்தாள்.

"அது வேற, இது வேற" என்றார் சுயம்புலிங்கம்.

"எது வேற?"

"பாக்கணும். ஆனா கண்ணு படக் கூடாது."

பக்கத்து நாற்காலியில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அவள் திரும்பிக்கொண்டாள்.

"சரி" என்றாள் டீச்சர். "அப்படிப் பாக்குற ஆளு யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

சுயம்புலிங்கம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இல்ல டீச்சர். அப்படி ஆளு கிடையாது."

"படுற கண்ணு இருக்கா?"

"அது இருக்கு."

"யாரு?"

அவர் வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

"கீழ வீட்டுத் தங்கபுஷ்பம். வேலிக்கு அந்தப் பக்கம்."

"என்ன செஞ்சாங்க?"

"போன கோடையில வேலிகிட்ட வந்து நின்னா. பன்னீர் ரோசாவப் பாத்தா. 'எய்யா, இவ்வளவு பூவா'ன்னா. அவ்வளவுதான். ஒரு வாரம். செடி பட்டுப் போச்சு."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் முழுக்க ஓலை அடைச்சிட்டேன். பேச்சும் கிடையாது."

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள்.

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"யார?"

"தங்கபுஷ்பத்தை."

"இங்கயா?"

"இங்கதான்."

சுயம்புலிங்கம் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"நல்லாருக்கு டீச்சர். கம்ப்யூட்டர் படிக்க வந்தேன். பாம்பைக் கூட்டிட்டு வந்து தோட்டத்துல விடச் சொல்லுதீங்க. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

டீச்சர் குனிந்தாள். சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் வரமாட்டேன் இனிமே" என்றார்.

"சரி அண்ணாச்சி."

*

போகவில்லை. சில நாள்.

குடிதண்ணீர்க் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினார். ஒரு குடம் ஒரு செடிக்குக் காணாது. எந்தச் செடிக்கு ஊற்றுவது? இதற்கு ஊற்றினால் அது பார்க்கிறது. அதற்கு ஊற்றினால் இது பார்க்கிறது.

நந்தியாவட்டை போயிற்று. பிச்சிக்கொடி பந்தலிலேயே காய்ந்து கயிறாகிவிட்டது. செம்பருத்தி மொட்டு வைத்தது. விரியவில்லை. மொட்டாகவே உதிர்ந்தது.

மனோரஞ்சிதம் ஒன்றுதான் கருகாமல் நின்றது. அதன் கீழ் இலையிலும் ஒரு நாள் காலையில் விளிம்பில் பழுப்புக் கோடு.

சுயம்புலிங்கம் அந்தக் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். அழுக்கு என்று நினைத்தார். அழுக்கில்லை.

குடத்தைக் கீழே வைத்தார். ஓலைத் தட்டிக்குப் பக்கத்தில் போனார். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியவில்லை. இருமினார்.

அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"யாரு, மாடா?"

"நான்தான்."

"நான்தான்னா? ஓலைக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கா?"

"தங்கபுஷ்பம், ஒரு சோலி."

"அதானே பாத்தேன். ஓலையில எங்கயாச்சும் இடுக்கு விழுந்துட்டா? அடைக்க வந்தீரா?"

"டீச்சர் உன்னக் கூப்பிடுதா."

"எந்த டீச்சர்?"

"கம்ப்யூட்டர் டீச்சர்."

அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன அண்ணாச்சி?"

"அதான் எனக்கும் தெரியல. வா."

"என்னத்துக்குன்னு சொல்லாம வான்னா?"

சுயம்புலிங்கம் ஓலையைப் பிடித்துக்கொண்டார். தெரிந்ததைச் சொன்னார்.

"செடியெல்லாம் சாவுது."

உடனே கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் சேலையை மாற்றக்கூட நிற்கவில்லை.

*

தங்கபுஷ்பம் மாடி ஏறி வந்ததும், டீச்சர் அவளை நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. சுயம்புலிங்கத்தை உட்காரச் சொன்னாள். தங்கபுஷ்பத்தை அவருக்குப் பின்னால் நிற்க வைத்தாள்.

"தளத்தைத் திறங்க அண்ணாச்சி."

திறந்தார். கரிச்சட்டி வந்தது.

"எம்மா!" என்று தங்கபுஷ்பம் பின்வாங்கினாள். "இது என்னது, அடுப்பங்கரையா?"

"கீழ தள்ளுங்க" என்றாள் டீச்சர்.

அவர் கை மவுசின் மேல் இருந்தது. தள்ளவில்லை.

"தள்ளுங்க."

தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்.

தோட்டம் வந்தது. போன மழைக்குப் பின், இலை கருகுமுன் எடுத்த படங்கள். எல்லாம் பூத்திருந்தது.

தங்கபுஷ்பம் ஓர் அடி முன்னே வருகிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் டீச்சர். "இந்த முதல் படத்துல என்ன பாக்குறீங்க? சொல்லுங்க. அண்ணாச்சி, அவங்க சொல்றத அப்படியே படத்துக்குக் கீழ அடிங்க."

"நானா?"

"உங்க விரல்தான்."

"டீச்சர், அவ வாயால சொல்லி, என் கையால எழுதி... இது அடுக்குமா?"

டீச்சர் கையைக் கட்டிக்கொண்டாள்.

தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள்.

"இது கிழக்கு ஓரத்துச் செம்பருத்தில்லா? காலையில பல்லைக் காட்டிச் சிரிக்கும். வெயில் தாழ்ந்தா மூஞ்சியச் சுருட்டிக்கிடும். மறுநாள் வேற பூ, அதே சிரிப்பு. வெக்கங்கெட்ட செடி."

சுயம்புலிங்கம் 'வெ'யைத் தேடினார்.

"இது பவளமல்லி. இதுக்குப் பூவ மரத்துல வச்சுக்கிடவே பிடிக்காது. விடியுமுன்ன எல்லாத்தையும் கீழ போட்டுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும்."

அடித்தார்.

"இது மனோரஞ்சிதம். பூவு எங்க இருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. இலையும் பச்சை, பூவும் பச்சை. மணம் மட்டும் தெருவுல நிக்கிறவனக் கழுத்தப் பிடிச்சுத் திருப்பும். நான் மூணு நாளாத் தேடி ஒரு சாயங்காலம் கண்டுபிடிச்சேன். ரெண்டாவது கொப்புல, இலைக்கு அடியில தலைகீழாத் தொங்கிட்டு இருந்துச்சு."

சுயம்புலிங்கத்தின் விரல் நின்றது.

அந்தப் பூவை அவர் தினம் பார்ப்பார். ரெண்டாவது கொப்பு. இலைக்கு அடியில். மார்கழியில் பூத்தது.

ஓலை அடைத்தது போன கோடையில்.

அவர் திரும்பினார்.

"நீ எப்படிப் பாத்தே?"

"என்னத்த?"

"ஓலை இருக்குல்லா?"

"ஓலைன்னா இடுக்கு இருக்காதா?" என்றாள் தங்கபுஷ்பம். "நீரு கட்டுன கட்டுக்கு ஆனையே நுழையும்."

"எப்பலேர்ந்து பாக்கே?"

"கட்டுன அன்னையிலேர்ந்து."

"தினமுமா?"

"பாத்திரம் தேய்க்க அங்கதான உக்காருவேன்? வேற என்னத்தப் பாக்க? உம்ம மூஞ்சியவா?"

டைப்பிங் படிக்கிற பெண் மறுபடி வாயைப் பொத்தினாள். இந்தத் தடவை டீச்சர் அவளைப் பார்க்கவில்லை.

சுயம்புலிங்கம் திரையைப் பார்த்தார். செம்பருத்தி. பவளமல்லி. மனோரஞ்சிதம். எல்லாம் மழைக்குப் பின் பூத்தது. கொத்துக் கொத்தாய்ப் பூத்தது. படம் இருக்கிறது.

ஏதோ கணக்கு இடித்தது. என்ன கணக்கு என்று பிடிபடவில்லை.

"அப்ப அந்த ரோசா?" என்றார்.

"எந்த ரோசா?"

"பன்னீர் ரோசா. நீ பாத்தே. பட்டுப் போச்சு."

தங்கபுஷ்பம் நிமிர்ந்தாள்.

"அதுக்கா ஓலை?"

அவர் மவுசைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ரோசா பாக்கவா வந்தேன்?"

"பின்ன?"

"எங்க கிணறு கரிக்குன்னு சொல்ல வந்தேன். கடலுக்கு நாங்கதான கிட்ட? எங்களுக்கு முதல்ல வந்துட்டு. அடுத்தது உமக்குத்தான்னு சொல்ல ஓடி வந்தேன். வந்த இடத்துல உம்ம ரோசா கண்ணுல பட்டுச்சு. அவ்வளவு பூ. வாயப் பிளந்துட்டு நின்னேன். சொல்ல வந்தது மறந்து போச்சு. வீட்டுக்குப் போனப்புறம்தான் ஞாபகம். சொல்லிருவோம்னு பிறகு ஒரு நாள் வந்தா, ஓலை."

கீழே கடைக்காரன் காற்றடிக்கிற சத்தம் கேட்டது. புஸ், புஸ்.

"ஓலைக்கு மேல எட்டிச் சொல்லியிருக்கலாம்லா?" என்றார் சுயம்புலிங்கம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"எனக்கும் ரோசம் இருக்குல்லா?" என்றாள் தங்கபுஷ்பம். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். "சொல்லியிருக்கணும்."

டீச்சர் கட்டின கையை அவிழ்க்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னும் படம் இருக்கு" என்றாள்.

இருந்தது. தங்கபுஷ்பம் பார்த்தாள். சொன்னாள். அவர் அடித்தார். செண்பகத்தின் படம் வந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. "இது போயிட்டுல்லா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. படத்தை எடுத்துவிட்டார்.

கடைசியில் திரையின் உச்சிக்குப் போனார்கள். கரிச்சட்டி அங்கேதான் இருந்தது.

"இது?" என்றார் சுயம்புலிங்கம்.

டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள்.

தங்கபுஷ்பத்தைப் பார்த்தார்.

"என்ன எதுக்குப் பாக்கீரு? உம்ம சட்டி."

'நீக்கு' என்று ஒரு பட்டன் உண்டு. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனார். நழுவியது. மறுபடி கொண்டுபோனார். அமுக்காமல், மெதுவாகத் தொட்டார்.

சட்டி போய்விட்டது. அந்த இடத்துக்குச் செம்பருத்தி தானாக ஏறி வந்து நின்றது.

'வெளியிடு' பட்டனை அழுத்தும்போது கண்ணை மூடவில்லை.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"என்னத்தை அண்ணாச்சி?"

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். என்னத்தை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

*

இரண்டு நாள் போனது. போன் வரவில்லை. பூதம் கேட்டும் வரவில்லை, சட்டி கேட்டும் வரவில்லை. சுயம்புலிங்கம் பத்து தடவை போனை எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருந்தது.

தங்கபுஷ்பம் இரண்டு குடம் கொண்டுவந்து மனோரஞ்சிதத்துக்கு ஊற்றினாள். அவள் வீட்டுக் குடிதண்ணீர். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் போன் அடித்தது. ஒரு பெண்ணின் குரல்.

"ஐயா, நான் மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. எங்க காம்பவுண்டு ஓரமா வாய்க்கால் ஓடுது. வருஷம் முழுக்கத் தண்ணி. நிலம் மட்டும் மொட்டையாக் கிடக்கு."

சுயம்புலிங்கம் எழுந்து நின்றார்.

"எத்தனை செடி மிச்சம் இருக்குங்க?"

"இருக்கிறது இருக்கு தாயி."

"எல்லாத்தையும் கொடுத்துருவீங்களா? நாளைக்கே லாரி அனுப்புறோம். வேரு அறுந்துராம எப்படி எடுக்கணும்னு நீங்க கூட வந்து சொல்லணும்."

"வாரேன்."

"செடி கேட்டு எத்தனையோ இடத்தில் பார்த்தோம் ஐயா. எல்லாத்திலயும் செடியோட பேரு இருக்கு, உயரம் இருக்கு. உங்களதுல மட்டும்தான்..." தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. "அந்த மனோரஞ்சிதத்துக்குக் கீழ எழுதியிருக்கே. மூணு நாள் தேடி, இலைக்கு அடியில கண்டுபிடிச்சதா. அதை ஸ்டாஃப் ரூம்ல சத்தமா வாசிச்சேன். எல்லாரும் இந்தச் செடிதான் வேணும்னு கிளம்பிட்டாங்க. அப்படிப் பார்த்தது நீங்களா?"

"இல்ல."

"வேற யாருங்க?"

சுயம்புலிங்கம் ஓலைப் பக்கம் பார்த்தார்.

"தங்கபுஷ்பம்."